கொசுறுக்கு ஒன்று

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை, அக்கா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால் திரிந்த அன்று நான் கோயம்புத்தூரில் அலுவலகத்தில்தான் இருந்தேன். பால் நிலையத்தில் நடந்ததை, அங்கே வேலையாகப் போயிருந்த எங்கள் மயில்சாமி அண்ணன் வந்து கணக்குப் பிரிவு ஜமுனா அக்காவிடம் சொல்லி, ஜமுனா அக்கா சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னது. வாய் மாறி வந்த சமாச்சாரம், கூடக் குறைய இருக்கும். ஆனால் தேன்மொழி சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அதற்கு யார் முன்னாலும் சாட்சி சொல்வேன். சொல்லியும்விட்டேன்.

என்ன வேலை பார்க்கிறாய் என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நிரந்தர வேலை. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் ஊருக்கே போகிறேன். அப்பாவிடம் போனில் சொன்னேன், நேரில் வந்து சொல் என்றார். ஜன்னலைக் கொஞ்சம் சாத்தட்டுமா? பல்லடம் தாண்டினால் புழுதி.

பால் குளிரூட்டும் நிலையங்களுக்குப் பெட்டி செய்து கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. பெட்டி என்றால் சின்னக் கம்ப்யூட்டர். தொட்டியில் எவ்வளவு பால் இருக்கிறது, எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, கம்ப்ரஸர் எப்போது ஓட வேண்டும், எல்லாவற்றையும் அதற்குள் ஒரு புரோகிராம் பார்த்துக்கொள்ளும். அந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு மெமரி கொடுக்கலாம் என்று பெட்டியின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு நாம் சொல்லி வைக்க வேண்டும். அதற்கு ஒரு செட்டிங். அதில் எம்பி கணக்கில் ஒரே ஒரு எண் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு எண்ணால் வந்த வினைதான் எல்லாம்.

என்னையும் தேன்மொழியையும் ஒரே நாளில்தான் சேர்த்தார்கள். ஒரு வருஷப் பயிற்சி. முடிந்ததும் ஒருத்தியை வைத்துக்கொள்வோம், ஒருத்தியை அனுப்பிவிடுவோம் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லில் வேலை செய்கிறார். அவள் வீட்டிலும் அவள்தான் முதல். அவள் அப்பா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். ஆக, இரண்டு பேருக்கும் வேலை வேண்டும், இருப்பது ஒரு நாற்காலி. இதில் நான் அவளைப் பிடிக்கும் என்று சொன்னால் அது பொய். பொய் எனக்கு வராது.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் அந்த நாற்காலி அல்ல, அக்கா. அவள் நாக்கு. கருநாக்கு என்பார்களே, அதேதான். படித்த பெண் இப்படிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். நானும் முதலில் நம்பவில்லை. ஒரு நாள் மீட்டிங் அறையில், 'அந்த ஓர நாற்காலியில உக்காராதீங்க, ஒடிஞ்சுரும்' என்றாள். மத்தியானமே ஒடிந்தது. கோகுலநாதன் சார்தான் விழுந்தார். திருகு கழன்று தொங்கியதை அவள் காலையிலேயே பார்த்தாளாம். பார்த்தவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் இல்லையா? இன்னொரு நாள் என் செருப்பைப் பார்த்துவிட்டு, 'வார் அறுந்துரும்போல இருக்குதே சிந்துஜா' என்றாள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், அறுந்தது. கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். அன்றைக்கு நம்பினேன்.

கோகுலநாதன் சார் எங்கள் டீம் லீடர். கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து இருக்கிறார். நல்லவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் யாரை நிரந்தரமாக்குவது என்று எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான். அதனால் நல்லவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப் பெட்டிகள் வந்தன. பழசைவிட மெமரி அதிகம். பழைய பெட்டியில் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று போட்டு வந்த எண்ணை இனி நாலாயிரத்துக்கு மேலும் போடலாம். அங்கேதான் தேன்மொழி மூக்கை நுழைத்தாள். நாம் போடுகிற எண்ணைப் பெட்டி தனக்குள் இன்னும் சின்ன அளவுக்கு மாற்றிக்கொள்ளும். அதற்காக ஆயிரத்து இருபத்து நாலால் இரண்டு தடவை பெருக்கும். பெருக்கி வந்த விடையை வைக்கிற இடம் குறுகலானது. பழைய மொபெட் மீட்டர் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கட்டத்திலும் ஒன்பது வந்த பிறகு இன்னும் கொஞ்சம் ஓட்டினால் எல்லாம் பூஜ்யமாகி, வண்டி புதுசு மாதிரி நிற்கும். அதே கதைதான். நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து வரை அந்த இடம் தாங்கும். தொண்ணூற்றாறு போட்டால் விடை பூஜ்யம்.

எனக்கும் இது தெரியாதது இல்லை. காலேஜில் பாடமாகவே இருந்தது. பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன்.

எண் எல்லை தாண்டுகிறதா என்று பார்க்க ஏற்கெனவே ஒரு வரி எழுதித்தான் இருந்தது. ஆனால் அது பெருக்கி முடித்த பிறகு பார்க்கிறது, அதனால் பிரயோஜனம் இல்லை என்றாள் இவள். பெருக்கி விடை பூஜ்யமாகிவிட்டால், பூஜ்யம் எல்லைக்குள்தானே இருக்கிறது? போ என்று விட்டுவிடும். வாசலில் நிற்க வேண்டிய வாட்ச்மேன் கொல்லைப்புறத்தில் நிற்கிறான் என்று சொல்லிக் காட்டினாள். அந்த வரியை எழுதியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அறையில் எல்லாருக்கும் தெரியும். கோகுலநாதன் சார் பேனாவை மூடி வைத்தார்.

"யாரு தொண்ணூத்தாறு போடப்போறாங்க? தொண்ணூத்தஞ்சுதான் போடணும்னு கையேட்டுல எழுதிட்டாப் போச்சு."

அத்தோடு விட்டிருந்தால் இன்று இந்த பஸ்ஸில் யார் போகிறார்களோ. விடவில்லை.

"போடுவாங்க சார். எங்க பக்கம் எந்த அளவையும் கொசுறு இல்லாம விடமாட்டாங்க. யாராச்சும் ஒண்ணு கூட்டுவாங்க. ஒண்ணு கூட்டினாப் போதும், பூஜ்யம். கம்ப்ரஸர் நின்னுரும். பால் திரிஞ்சுரும்."

வெள்ளிக்கிழமை, அக்கா. பெட்டிகள் கிளம்பப்போகிற நேரம். பாலை நம்பிப் பிழைக்கிற கம்பெனிக்குள் நின்றுகொண்டு பால் திரியும் என்கிறாள். ஜமுனா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பேரு தேன்மொழி. வாயத் தொறந்தா வேப்பெண்ணெ" என்றார் கோகுலநாதன் சார். எல்லாரும் சிரித்தோம். அவர் நிறுத்தவில்லை. "கொசுறுன்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்கறியா? உங்கொப்பன் பால்ல எத்தன சொம்பு தண்ணி ஊத்துறான்னு மொதல்ல அந்தக் கணக்கச் சொல்லு."

இவள் அதற்கும் பதில் சொன்னாள். "அவரு ஊத்தமாட்டாருங்க சார்." தலை குனியவில்லை, குரலும் உயரவில்லை. ஏதோ மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கே கோபம் வந்தது. பெரியவர் பேசும்போது கொஞ்சம் அழுதிருந்தாலாவது முடிந்துபோயிருக்கும்.

அன்று சாயந்தரமே அவளுக்குப் புரோகிராமில் கை வைக்க இருந்த அனுமதியை சார் எடுத்துவிட்டார். படிக்கலாம், ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. யார் எடுத்தது, எதற்கு எடுத்தது, எல்லாம் எனக்குத் தெரியும். அவளிடமிருந்து எடுத்த வேலையை எனக்குத்தானே கொடுத்தார். பெட்டிகள் கிளம்பின அன்று வாசலில் வரிசையாக வைத்துக் கற்பூரம் காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் குங்குமம். திருஷ்டிப் பூசணிக்காயை சாரே உடைத்தார். தேன்மொழியை மட்டும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டார்கள், எதிரே வர வேண்டாம் என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியை இடம் மாற்றி வைக்கிற நேரத்தைவிடப் பூசணிக்காய் வாங்கி வரத்தான் அதிக நேரம் ஆனது. ஆனால் மனசுக்கு ஒரு திருப்தி இருந்தது பாருங்கள், அது வேறு.

அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. ஊருக்குக் கிளம்பினால் சொல்வதில்லை, புது வண்டி எடுத்தால் காட்டுவதில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஜமுனா அக்கா எல்லாரிடமும் சொன்னபோது அவள் பக்கம் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்னார். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு இடம் விட்டுத்தான் உட்காருவோம். நான்கூட அவளோடு தங்கியிருந்த அறையைக் காலி செய்துகொண்டு ஜமுனா அக்கா ஹாஸ்டலுக்குப் போனேன். 'ஏன் போற?' என்று கேட்டாள். வாடகை என்றேன். வாடகையும் ஒரு காரணம்தான்.

இனி நான் பார்க்காதது.

தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், பேர் வேண்டாம். மயில்சாமி அண்ணன் புதுப் பெட்டியை மாட்டப் போனார். காலைப் பால் எடுத்து முடித்து, தொட்டி நிறைந்திருந்த நேரம். கையேட்டைப் பார்த்து நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து என்று அடித்தார். பின்னால் பால் சங்கச் செயலாளர் நின்றிருந்தார். மரியாதையான மனுஷராம். வந்தவருக்கு டம்ளர் நிறையப் பால் கொடுத்து, குடித்து முடித்ததும் இன்னொரு வாய் ஊற்றினாராம். அவர் திரையை எட்டிப் பார்த்து, "அதென்னங்க தொண்ணூத்தஞ்சு? கொறையா நிக்குதே. கொசுறுக்கு ஒண்ணு போட்டு நெறவாக்கி வையுங்க" என்றாராம்.

மயில்சாமி அண்ணனுக்கும் அது சரியாகப் பட்டிருக்கிறது. நாலு ஜிபி என்றால் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறுதானே கணக்கு, நம் ஆட்கள் ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று நினைத்தாராம். ஒன்று கூட்டினார். பெட்டி சரி என்று பச்சை காட்டியது. பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டார். இன்னொரு வாய் பாலையும் குடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

பெட்டி சொன்ன சொல் தட்டாது. அதற்குக் கிடைத்த எண் பூஜ்யம். புரோகிராம் எழுந்து மெமரி கேட்டிருக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கும். மறுபடி எழுந்திருக்கும், மறுபடி தள்ளியிருக்கும். கம்ப்ரஸர் ஓடவில்லை. அது எப்போதுமே நின்று நின்றுதான் ஓடும், அதனால் சத்தம் வராதது யாருக்கும் உறைக்கவில்லை. சித்திரை வெயில். தகரக் கூரை. மத்தியானம் லாரி வந்ததும் வழக்கப்படி ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சிப் பார்த்தார்கள். திரிந்தது. தொட்டியைத் திறந்தபோது வாசனையே சொல்லிவிட்டதாம். அந்த ஊரும் சுற்றுப்பட்டியும் காலையில் கறந்த பால் மொத்தமும் ஓடையில் போனது. செயலாளர் ஓடைக்கரையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாராம். தான் சொன்ன கொசுறுதான் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

மறுநாள் முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். கோகுலநாதன் சார், தேன்மொழி, நான். இது கேள்விப்பட்டதில்லை, நான் நின்ற இடத்திலேயே நடந்தது. முதலாளி கத்துகிறவர் இல்லை. மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். எப்படி நடந்தது என்று கேட்டார். சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "பெட்டி கெளம்பறதுக்கு முன்னாலயே இந்தப் பொண்ணு வாய வச்சிருச்சுங்க. பூஜ்யம் வரும், பால் திரியும்னு அத்தன பேர் முன்னால சொல்லுச்சு" என்றார்.

முதலாளி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்து வைத்தவர். ஆனாலும் கம்பெனி நடத்துகிறவர் இல்லையா, அவர் அதை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டார். அப்படியென்றால் இவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணு பூஜ்யம் வரும்னு சொன்னது உண்மையா?"

"உண்மைங்க சார். சொன்னா."

அவ்வளவுதான் கேட்டார். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. தெரிந்திருந்தும் ஏன் சரிசெய்யவில்லை என்று தேன்மொழியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அனுமதியை எடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. என்னிடம் யார் கேட்டார்கள்? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதிகப்பிரசங்கித்தனம் என்று சின்ன வயதிலேயே அப்பா அடித்துத் திருத்தியது. கடைசியில் அவளே சொன்னாள். சார் உடனே, "இப்ப என்மேல திருப்புது பாருங்க" என்றார். முதலாளி கையைக் காட்டினார், போதும் என்று.

அவள் மேஜையைக் காலி செய்கிறபோது நான் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல அந்தப் பக்கம் போனேன். ஏதாவது சாபம் விடுவாள் என்று பயம். விடவில்லை. பையில் டப்பாவைத் திணித்துக்கொண்டே, "பெருக்கின பொறவு கேக்காத சிந்துஜா. பெருக்கறதுக்கு முன்னால கேளு" என்றாள். வேலை போகிறவள் சொல்கிற வார்த்தையா அது? நான் குழாய்ப் பக்கம் திரும்பினேன். பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாப் பெட்டியிலும் சிவப்புக் காகிதம் ஒட்டினோம், தொண்ணூற்றைந்துக்கு மேல் போடாதீர்கள் என்று. மேலே ஒரு எலுமிச்சம்பழமும் கட்டச் சொன்னார் சார். அந்த வரி அங்கேயேதான் இருக்கிறது. அதை மாற்றினால் அது தப்பு என்று ஆகிவிடும் இல்லையா? எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அந்த வரி இருக்கிற புரோகிராம் முழுக்க இப்போது என் பொறுப்பு.

அந்த எண்ணை ஏன் போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள், அக்கா. படுத்தால் தூக்கம் வரவில்லை. அவள் நாக்கா, அந்த வரியா, ஏதாவது ஒன்று என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. அவள் இப்போது கோயம்புத்தூரிலேயே இல்லை. ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று கேள்வி, அதுவும் நான் விசாரித்தது இல்லை. அலுவலகத்தில் அந்த எண்ணை இப்போது யாரும் உச்சரிப்பதே கிடையாது. போன வாரம் ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, சோதனைப் பெட்டியைப் போட்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மனசுக்குள்கூட எண்ணைச் சொல்லவில்லை, முருகா முருகா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். விரல் மட்டும்தான் அசைந்தது. பிறகு அந்த வரியைப் பெருக்கலுக்கு முன்னால் நகர்த்தி வைத்தும் பார்த்தேன். பெட்டி எண்ணை வாங்க மாட்டேன் என்று சிவப்பில் சொன்னது. படியில் கோகுலநாதன் சார் செருப்புச் சத்தம் கேட்டது. வரியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் போய்ச் சொன்னால் அடுத்து யாரை உள்ளே நிற்க வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் பெட்டிகள் கிளம்புகின்றன. பூசணிக்காய்க்கு இப்போதே சொல்லியாகிவிட்டது. தாராபுரம் வந்துவிட்டது போலிருக்கிறது, பையை எடுத்துக்கொள்கிறேன்.

மற்றதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதாகவே இருக்கட்டும். வரியை நகர்த்துவதற்கு முன்னால், முதல் தடவை போட்டபோது என்ன வந்தது என்பதை மட்டும் நானே பார்த்தேன். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை, அக்கா. அப்போதும் பூஜ்யம்தான் வந்தது.